முதல் நம்பர் யாருக்கு

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கிராமம் ஒரு திங்கட்கிழமை காலையில் நகரமாகிவிட்டது. ஒரு வீடும் இடம் மாறவில்லை, ஒரு சேவலும் கூவும் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நகரசபையில் ஒரு காகிதத்தில் கையெழுத்து விழுந்தது, அவ்வளவுதான். இனிமேல் தெருவிளக்கு வரும், குப்பை வண்டி வரும், சாலை அகலமாகும் என்றெல்லாம் சொன்னார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தவள் எழுத்தர்.

நகரசபைப் பதிவேட்டுப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்ப்பவள் அவள். கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். வாயைத் திறப்பது அபூர்வம். கணவர் ரயிலில் கார்டு, வாரத்தில் நாலு நாள் தண்டவாளத்திலேயே குடித்தனம். அதனால் வீட்டிலும் பேச ஆள் இல்லை, அதில் அவளுக்குக் குறையும் இல்லை.

"நூத்து நாப்பத்து மூணு வீடு. ஒண்ணுக்கும் கதவு நம்பர் கிடையாது. பாலத்துல ஆரம்பிச்சு மலைப் பக்கமா போய்க்கிட்டே இருங்க. ரெண்டு வாரம் தாராளம்" என்றார் அதிகாரி. அவர் அந்த ஊரைப் பார்த்தவர் இல்லை.

நீலத் தகரத் தகடுகள், அவற்றில் வெள்ளை எழுத்தில் எண்கள், தகட்டுக்கு நாலு திருகாணி, துளை போட ஒரு மெஷின். எல்லாவற்றையும் இரண்டு பைகளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பாலத்தை விட்டு இறங்கியதும் முதலில் வருவது நீளமான ஒரு ஓட்டு வீடு. நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்த வீடு, கதவும் இரண்டு. பாலத்துப் பக்கக் கதவு தம்பியுடையது, அதற்கடுத்த கதவு அண்ணனுடையது. ஊரில் அவர்களுக்குச் சின்னவர், பெரியவர் என்றே பேர். பெரியவருக்கு அறுபத்து நாலு வயது, தண்ணீர் பம்ப் பழுது பார்ப்பவர். சின்னவருக்கு அறுபது, வாத்து வளர்ப்பவர். வீட்டைப் பிரித்தபோது கட்டில், பாத்திரம், தோட்டம் எல்லாம் முணுமுணுப்பில்லாமல் பிரிந்தன. ஏணி மட்டும் ஒன்றுதான் இருந்தது. அது அன்றைக்குச் சின்னவர் பக்கச் சுவரில் சாத்தியிருந்தது, அங்கேயே நின்றுவிட்டது. அதிலிருந்து ஏழு வருஷமாக அண்ணன் தம்பி இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை. பேசியே ஆகவேண்டும் என்றால் சின்னவர் வாத்துகளிடம் சத்தமாகச் சொல்வார், பெரியவர் பம்புகளிடம் பதில் சொல்வார்.

எழுத்தர் சின்னவர் கதவில் ஒன்றாம் எண்ணைத் திருகினாள். அவர் துண்டால் தகட்டைத் துடைத்து, இரண்டடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தார். அடுத்த தகட்டை எடுத்துக்கொண்டு அவள் பெரியவர் கதவுக்கு வந்தாள்.

"அது என்ன?" என்றார் பெரியவர்.

"ரெண்டுங்க."

"யாருக்கு ரெண்டு?"

"உங்க வீட்டுக்குங்க."

"நான் பொறந்து நாலு வருஷம் கழிச்சுப் பொறந்தவன் ஒண்ணு, நான் ரெண்டா? உங்க நகரசபையில எண்ணத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?"

"வயசுப்படி இல்லீங்க. வரிசைப்படி."

"சரி, மலைப் பக்கத்துலேருந்து வரிசையை ஆரம்பிங்க. அப்போ நான் முன்னாடி வருவேன்ல?"

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். "அப்படிப் பாத்தா நீங்க நூத்து நாப்பத்து ரெண்டு. அவர் நூத்து நாப்பத்து மூணு."

"போதும்! அவன் எனக்குப் பின்னாடின்னா எந்த நம்பரும் எனக்குச் சம்மதம்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவர் குரல் வந்தது. "ஏய் வாத்துங்களா, கேட்டுக்கோங்க. நகரசபை ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணுதான்."

அரை மணி நேரத்தில் அங்கே பதினாலு பேர் கூடிவிட்டார்கள். மலைப் பக்கத்துக் கடைசி வீட்டுக்காரரான கல் உடைப்பவர், பெரியவர் சொல்வதுதான் நியாயம் என்று அடித்துப் பேசினார். மலையிலிருந்து எண்ணினால் அவர்தான் ஒன்று. ஊரின் மூன்று மூலைகளில் குடியிருந்த மூன்று சகோதரிகள், தங்களுக்கு அடுத்தடுத்த எண்கள்தான் வேண்டும், பிரித்துவிடக் கூடாது என்று கேட்டார்கள். ரொட்டிக்கடைக்காரி தன் கடைக்கு எட்டாம் எண்தான் வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "பாக்க ரொட்டி மாதிரியே இருக்குல்ல" என்றாள்.

எழுத்தர் மெஷினைக் கையில் எடுத்தாள். விதியில் இருந்தபடி பாலத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கதவாகத் திருகிக்கொண்டே போனாள். பெரியவர் கதவில் இரண்டைத் திருகும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். சாயங்காலத்துக்குள் அவளுக்கு அந்த ஊரில் ஒரு பேரும் வந்துவிட்டது: தகடம்மா.

பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'அடையாளம்' என்று ஒரு கட்டம் இருந்தது. எதிர்வீடு என்ன, பக்கத்து வீடு என்ன என்று அதில் எழுதவேண்டும். எந்த வீட்டைக் கேட்டாலும் ஊர் ஒரு பேர் சொன்னது. தேன்பெட்டி வீடு. சிவப்புத் தொட்டி வீடு. மூணு தடவை கல்யாணம் நின்னுபோன வீடு. நாய் கடிக்காது ஆனா வீட்டுக்காரர் கடிப்பார் வீடு. அவள் அத்தனையையும் தன் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். கட்டம் இருந்தால் நிரப்பவேண்டும் என்பது அவள் சுபாவம்.

இந்த ஊரில் அவளை வாசலிலேயே காத்திருந்து வரவேற்றவள் ஒருத்திதான். ஏழு வருஷத்துக்கு முன் வெளியூரிலிருந்து இங்கே மருமகளாக வந்த தையல்காரி. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கு நாலு திருகாணி பத்தாது, எட்டுப் போடுங்க" என்றாள்.

"ஏன்? தகடு கனமே இல்லையே."

"கழண்டு விழக் கூடாதுக்கா. உங்களுக்கு என் கஷ்டம் தெரியாது." மெஷின் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்து சொன்னாள். "போன வருஷம் ஒரு நீச்சல் உடுப்பு ஆர்டர் பண்ணினேன். கொரியர்க்காரனுக்கு வீடு தெரியல, ரொட்டிக்கடையில குடுத்துட்டான். அங்கேருந்து என் மாமியாரோட அக்கா கைக்குப் போச்சு. அங்கேருந்து இன்னொரு வீடு. என் கைக்கு வரும்போது ஆறு வீடு பிரிச்சுப் பாத்தாச்சு. ரெண்டு பேர் அளவு சரியில்லைன்னு சொன்னாங்க. ஒருத்தங்க போட்டே பாத்துட்டாங்கக்கா!"

எழுத்தருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தோம் என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை.

"ஊர்ல அன்பு இல்லாம இல்லை" என்றாள் தையல்காரி. "எனக்குக் காய்ச்சல் வந்தா நாலு வீட்டுலேருந்து சூப் வரும். ஆனா அந்த நாலு வீடும் நான் எத்தனை தடவை தும்மினேன்னு எண்ணி வெச்சிருக்கும். எனக்கு ஒரே ஒரு தடவை, நான் என்ன வாங்கினேன்னு யாருக்கும் தெரியாம ஒண்ணு வாங்கணும். நகரம்னா அதுதானே?"

"அதுதான்" என்றாள் எழுத்தர். அவள் பூரித்துத்தான் சொன்னாள். அந்த நிம்மதிக்காகவே அவள் நகரத்தை நேசித்தாள்.

பக்கத்து வீடு பூட்டியிருந்தது. "இதுக்கு என்ன எழுதறது?"

"மைக் வீடு. மைக் அக்கா இங்கே பேசினா ஆத்துக்கு அந்தக் கரையில கேக்கும். அறுபத்தாறு வயசு, பல்லு எல்லாம் ஆடுது, தொண்டை மட்டும் புதுசு. யாருக்கு என்ன தகராறுன்னாலும் அவங்கதான் பஞ்சாயத்து. மூணு மாசம் முன்னாடி பையன் டவுன்ல ஃபிளாட் வாங்கிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். பஸ் டிப்போவுக்குப் பின்னாடி, நாலாவது மாடியாம். முதல் வாரம் ஊரே அமைதியா இருந்துச்சு. அப்புறம்தான் எந்தக் கடை எப்போ திறக்கும்னே யாருக்கும் தெரியாமப் போச்சு."

எழுத்தர் கையிலிருந்த திருகாணி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. பஸ் டிப்போவுக்குப் பின்னால், நாலாவது மாடியில், நானூற்று மூன்றில் ஒன்பது வருஷமாகக் குடியிருப்பவள் அவள். நானூற்று நான்குக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு குரல் குடிவந்திருந்தது. சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் குரல். கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கும். வெளியே நடைவழியில் இரண்டு நாற்காலி வேறு. "ஏம்மா, லிஃப்டுக்குத்தானே நிக்கறே, அதுவரைக்கும் உக்காரேன்" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிடும். நாற்காலி, செருப்பு, சத்தம் என்று மூன்று தலைப்பில் எழுத்தர் குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அன்று வீடு திரும்பியபோது நானூற்று நான்கின் வாசலில் நாற்காலி இரண்டும் நிறைந்திருந்தன. ஐந்தாவது மாடிப் பல் டாக்டரும், கீழ்த்தளத்து இசை வாத்தியாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒன்பது வருஷத்தில் இவர்கள் இருவரும் தலையாட்டிக்கொண்டுகூட அவள் பார்த்ததில்லை. அவள் வழக்கம்போல் சுவரோரமாகப் போய்ச் சத்தமில்லாமல் கதவைத் திறந்து உள்ளே நுழைந்துகொண்டாள்.

இரண்டாவது வார வெள்ளிக்கிழமை நூற்று நாற்பத்து மூன்றாவது தகட்டையும் மாட்டி முடித்தாள். பதிவேட்டின் பிரதிகளைத் தபால் நிலையத்துக்கும் தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் அனுப்பினாள். அடுத்த வெள்ளிக்கிழமை, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள்.

தகடுகள் நடக்கத் தொடங்கியிருந்தன.

மூன்று சகோதரிகளின் வீடுகளில் நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு மாட்டியிருந்தது. அந்த மூன்று வீடுகளுக்கும் இடையில் நடந்தால் கால் மணி நேரம் ஆகும். ரொட்டிக்கடையில் எட்டு தொங்கியது. எட்டைக் கொடுத்தவர் பதிலுக்கு ஐம்பத்தேழை வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு மாசத்துக்கு ரொட்டியும் பேசி முடித்திருந்தார். தேனீ வளர்ப்பவர், பிறந்த வருஷத்தோடு ஒத்துப்போகிறது என்று அறுபத்தொன்றை எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தார். கல் உடைப்பவர் தகட்டுக்கெல்லாம் கவலைப்படவில்லை. சுவரிலேயே கறுப்புப் பெயின்டால் பெரிதாக ஒன்று என்று எழுதி, அதற்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடும் இழுத்திருந்தார். அசையாமல் இருந்தவை கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று தையல்காரியுடையது, எட்டுத் திருகாணி போட்டது.

எழுத்தர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். அழவேண்டும் போலவும் இருந்தது, சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது. திங்கட்கிழமை எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டவேண்டும் என்று குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குரல் வெடித்தது.

"விழுந்துட்டானா? எப்படிடா விழுந்தான்? ...ஆம்புலன்ஸ் எங்கே? ...ஒண்ணாம் நம்பர் வீட்டு முன்னாடி நிக்கறானா? நீயும் ஒண்ணாம் நம்பர்லதானேடா இருக்கே? அப்புறம் எந்த ஒண்ணுடா அது?"

எழுத்தருக்குத் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு ஓடினாள். இந்த மாடியில் எந்த வீட்டு மணியையும் அவள் அழுத்தியதில்லை. இப்போதும் அழுத்த வேண்டியிருக்கவில்லை, கதவு திறந்தே கிடந்தது.

"வா பூனை, உள்ளே வா!" என்றாள் மைக் அக்கா, காதில் ஃபோனோடு.

"பூனையா?"

"பின்னே? வர்றதும் தெரியல, போறதும் தெரியல. இந்த மாடியில எல்லாருக்கும் பேர் வெச்சாச்சு, நீதான் பூனை. அதெல்லாம் அப்புறம் பேசலாம். பெரியவன் விழுந்துட்டான்!"

விஷயம் இதுதான். ஒன்றாம் எண்ணைப் பார்க்கப் பார்க்கப் பெரியவருக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், தடுக்க ஆள் இல்லை. தம்பி வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போன சமயம் பார்த்து, தம்பியின் கதவிலிருந்து தகட்டைக் கழற்ற ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார். நாலாவது திருகாணி கழன்றதும் ஸ்டூலும் கழன்றுவிட்டது. "ஆ!" என்ற சத்தம் கேட்டுச் சின்னவர் ஓடிவந்தால், அண்ணன் கால் மடங்கிக் கிடக்கிறார். மார்பில் ஒன்றாம் எண்.

சின்னவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு நம்பர் ஒன்று என்று சொல்லியிருக்கிறார். பாலத்தைத் தாண்டி வந்த டிரைவர் முதல் கதவைப் பார்த்தார், அதில் தகடு இல்லை. வெயிலுக்குப் பயந்து சின்னவர் அண்ணனைத் தோட்டத்துப் பக்கக் கதவருகே நகர்த்தியிருந்ததால், இருவரும் கண்ணிலும் படவில்லை. அப்படியே ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே மூன்று கிலோமீட்டர் போய் மலையடியில் நின்றுவிட்டார். அங்கே அவருக்கு ஒன்று கிடைத்துவிட்டது, ஆனால் வீடு பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்பதால் ஊரில் பாதிப்பேர் இல்லை. சின்னவர் ஃபோனில் "பழைய மில்லு இருந்த இடத்துல திரும்புங்க" என்கிறார். மில் இடிந்து இருபது வருஷமாகிறது. டிரைவர், "நான் ஒண்ணுக்கு முன்னாடிதான் நிக்கறேன்" என்கிறார். அண்ணனை விட்டுவிட்டு ஓட முடியாத சின்னவர், ஊரில் எல்லாரும் செய்வதைச் செய்தார். மைக் அக்காவைக் கூப்பிட்டார்.

"டிரைவர் நம்பர் இருக்கா?" என்று கேட்டாள் எழுத்தர். மைக் அக்கா சின்னவரிடம் நம்பர் கேட்டு டிரைவரைக் கூப்பிட்டு, ஃபோனை அவள் கையில் திணித்தாள். அதற்குள் ஒலிபெருக்கியும் போட்டாகிவிட்டது.

"தம்பி, நகரசபையிலேருந்து பேசறேன். நீங்க பாக்கற ஒண்ணு தகட்டுல இருக்கா, சுவத்துலயா?"

"சுவத்துல மேடம். கறுப்புப் பெயின்ட்டு. கீழே கோடு வேற போட்டிருக்கு."

"அது நகரசபை நம்பர் இல்லை தம்பி. அது அந்த வீட்டுக்காரரோட ஆசை. வண்டியைத் திருப்புங்க."

வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. "இப்போ நாப்பது தெரியுது மேடம். அடுத்தது நூத்துப் பதினேழு. அடுத்தது எட்டு. மேடம், இந்த ஊர்ல எண்ணத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?"

பதிவேடு எழுத்தருக்கு மனப்பாடம். இப்போது அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மைக் அக்கா ஃபோனுக்கு அருகில் குனிந்தாள். அவ்வளவு கிட்டே போக வேண்டிய அவசியம் அந்தக் குரலுக்கு இல்லை.

"நம்பரைப் பாக்காதே தம்பி, ரோட்டைப் பாரு! வலது கைப் பக்கம் பெட்டி பெட்டியா அடுக்கியிருக்கா?"

"இருக்கு!"

"தேன்பெட்டி. ஜன்னலை ஏத்திக்கோ. கொஞ்ச தூரத்துல சிவப்பா ஒரு தண்ணித்தொட்டி. பாத்தியா? அதைத் தாண்டினா ரெண்டா கவைச்ச பெரிய மரம். அங்கே ரோடு பிரியும், இடது பக்கம் வா."

"தொட்டி தாண்டிட்டேன். மரம் எதுவும் இல்லையே!"

மைக் அக்கா நிமிர்ந்தாள். "மரம் இல்லையா? நான் பொறந்ததுலேருந்து அங்கேதானேப்பா நின்னுது!"

"ரோடு அகலப்படுத்த வெட்டிட்டாங்க அக்கா, போன வாரம்" என்றாள் எழுத்தர். அக்கா என்று தானாக வந்துவிட்டது. "தம்பி, புதுசா ஒரு விளக்குக் கம்பம் இருக்கும், பன்னிரண்டுன்னு எழுதியிருக்கும். யாரும் அதைக் கழட்ட முடியாது, கான்கிரீட் போட்டிருக்கோம். அங்கே இடது."

"கம்பம் பன்னிரண்டு. இடது. வந்துட்டேன்."

"வாத்துச் சத்தம் கேக்குதா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

ஃபோனில் பதிலுக்கு வாத்துகளே பேசின. கிட்டத்தட்ட இருநூறு வாத்து. பிறகு கதவு திறக்கும் சத்தம். பிறகு சின்னவர் குரல், அழுகையும் கோபமுமாக. "ஏணி கேட்டா குடுத்திருக்க மாட்டேனாண்ணா? ஸ்டூல்ல ஏறணுமா?"

"கேட்டா குடுத்திருப்பியா?" என்று முனகினார் பெரியவர்.

"மாட்டேன்! ஆனா கேட்டிருக்கலாம்ல?"

மைக் அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். எழுத்தர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். பல் டாக்டர் ஐந்தாவது மாடியிலிருந்து இறங்கி வந்து என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்.

தேநீர் குடிக்கும்போது எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "உங்க மேல சங்கத்துல ஒரு புகார் குடுத்திருக்கேன்."

"தெரியுமே. செயலாளர் அன்னைக்கே வந்து படிச்சுக் காட்டினார். எவ்வளவு அழகான கையெழுத்து! எழுதினவங்க உக்கார ரெண்டு பக்கமும் கை வெச்ச நாற்காலி ஒண்ணு வாங்கிப் போடணும்னு நினைச்சேன்."

மறுநாளே எழுத்தர் அந்தப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நாற்காலி, செருப்பு இரண்டையும் மட்டும்தான். சத்தத்தை அப்படியே விட்டுவைத்தாள். அது உண்மை என்பதில் மைக் அக்காவுக்கும் ஆட்சேபணை இல்லை.

கால் முறிந்த பெரியவர் மூன்று நாளில் மாவுக்கட்டோடு திரும்பினார். அவர் வாசலில் ஐந்து படி, தம்பி வாசலில் படியே இல்லை. அதனால் தம்பி பக்கத்திலேயே கட்டில் போட்டார்கள். ஏழு வருஷமாகப் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துவைத்து அண்ணனும் தம்பியும் காலை முதல் சாயங்காலம்வரை சண்டை போட்டார்கள். இரண்டு பேருக்கும் முகத்தில் ஒரு களை வந்திருந்தது என்று ரொட்டிக்கடைக்காரி எல்லாரிடமும் சொன்னாள்.

எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சுவர் எழுப்பினாலும் கூரை ஒன்று என்றால் கட்டடம் ஒன்றுதான். ஒரே எண்ணைக் கொடுத்து எழுத்தால் பிரிக்கலாம். புதுத் தகடுகள் இரண்டைக் கட்டிலின்மேல் வைத்தாள். ஒன்றில் 1-அ. இன்னொன்றில் 1-ஆ.

"ரெண்டு பேருமே ஒண்ணுதான். யாருக்கு எந்த எழுத்துன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள். மறுபடி ஒரு ஆம்புலன்ஸ் தேவைப்படுமோ என்று அவளுக்கு உள்ளூரப் பயம்தான்.

"விழுந்தப்போ ஊரே கேக்க 'ஆ'ன்னு கத்தினது யாரு?" என்றார் சின்னவர். "அவனுக்குத்தான் ஆ."

"முதல் எழுத்து மூத்தவனுக்கு" என்றார் பெரியவர். "அ என்னோடது. தொட்டே, கட்டுப்போட்ட காலாலயே உதைப்பேன்."

சின்னவர் இரண்டு தகடுகளையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, அ-வையே வெச்சுக்கோண்ணா. குறில் உனக்கு, நெடில் எனக்கு. எப்படிப் பாத்தாலும் நான் உன்னைவிட ஒரு மாத்திரை கூட."

பெரியவர் விரல்விட்டு மாத்திரையை எண்ணிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் அவர் தம்பியைவிட மட்டம். கடைசியில் கட்டுப்போட்ட கால் குலுங்கச் சிரித்துவிட்டார். அன்றைக்குச் சின்னவரே ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, இரண்டு தகடுகளையும் தன் கையால் மாட்டினார்.

அதைப் பார்த்த ஊர், அந்த வாரமே நடந்துபோன தகடுகளை அதனதன் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. சகோதரிகள் மூவரும் முறுக்கிக்கொண்டார்கள். "நாளைக்கு உங்கள்ல ஒருத்திக்கு ஏதாவதுன்னா, ஆம்புலன்ஸ் எந்த வீட்டுக்குப் போகும்?" என்று எழுத்தர் கேட்டதும் மூத்தவள் முதலில் கழற்றினாள். கல் உடைப்பவர் சுவரை வெள்ளையடித்தார். ஈரம் காய்ந்ததும் அந்த ஒன்று லேசாக மேலே வந்தது, அதை யாரும் பெரிதுபண்ணவில்லை.

பதிவேட்டில் இருந்த அடையாளப் பேர்களைப் பார்த்த அதிகாரி, "என்ன இது, கடிக்கிற வீட்டுக்காரர் அது இதுன்னு? எல்லாத்தையும் அடிங்க" என்றார். எழுத்தர் அடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் சேவையிலிருந்து கடிதம் வந்தது. எண்ணோடு அடையாளப் பேர்களும் இருப்பது மிகவும் உதவியாக இருக்கிறது, மற்றப் பகுதிகளுக்கும் இதேபோல் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதிகாரி அது தன் யோசனைதான் என்று பதில் எழுதினார்.

தையல்காரி மறுபடி ஒரு பார்சல் வரவழைத்தாள். கொரியர்க்காரர் நம்பரைப் பார்த்து நேராக வந்து, அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து எழுத்தருக்கு ஃபோன் செய்தாள். "அக்கா, பார்சல் ஒழுங்கா வந்துச்சு. யாரும் பிரிக்கல."

"சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான். ஆனா என்ன வாங்கினேன்னு இன்னும் ஒருத்தரும் கேக்கலக்கா. நல்லா இருக்கு, கேட்டா காட்டலாம்னு பாத்தேன்."

பிறகு இரண்டு வருஷத்தில் நிறைய மாறியது. பாலத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று எழும்பி, நகரத்திலிருந்து இருபது குடும்பங்கள் குடிவந்தன. அவர்கள் வாத்துச் சத்தம் என்று புகார் எழுதினார்கள், பிறகு முட்டை வாங்கத் தொடங்கினார்கள், பிறகு புகார் எழுதுவதை விட்டுவிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரி ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை மூடிவிட்டு டவுனுக்குப் படம் பார்க்கப் போனாள். இந்தப் பக்கம் நானூற்று நான்கின் வாசலில் நாற்காலி ஆறாகியது. லிஃப்ட் பழுதானால் முன்பெல்லாம் ஆளுக்கொரு புகார் எழுதுவார்கள். இப்போது மைக் அக்கா நாலாவது மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால், கீழ்த்தளத்து இசை வாத்தியார் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு வந்துவிடுவார்.

அந்தக் கோடையில் மைக் அக்கா, "என் வீட்டைத் திறந்து பதினஞ்சு நாள் இருந்துட்டு வர்றேன்" என்று பெட்டியோடு கிளம்பினாள். எழுத்தரின் கணவர்தான் பஸ் நிறுத்தம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். எழுத்தர் ஒரு வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டே இஸ்திரி போட்டாள்.

எட்டாம் நாள் காலையில் கீழ்த்தளத்திலிருந்து குரல் கேட்டது. லிஃப்ட் மேலே ஏற ஏறக் குரலும் ஏறியது. எழுத்தர் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"என்னக்கா, அதுக்குள்ளே வந்துட்டீங்க? பதினஞ்சு நாள்னு சொன்னீங்களே?"

"என்னத்தைச் சொல்றது?" என்று மைக் அக்கா பெட்டியை நடைவழியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "யாரைப் பாத்தாலும் வேலையா ஓடறாங்க. தையல்காரி கடை போட்டுட்டா, பேச நேரமில்லைங்கறா. அண்ணனும் தம்பியும் சண்டை போடறதுல மூணாவது ஆளுக்கு இடமே இல்லை. ராத்திரியானா ஒரு சத்தம் கிடையாது. லிஃப்ட் ஏறி இறங்கற சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரலடி. நீ எங்கே கிளம்பிட்டே?"

"நகரசபை இன்னொரு கிராமத்தைச் சேத்துக்குது. இருநூத்தி எட்டு வீடு."

"நானும் வரட்டுமா?"

எழுத்தர் கையில் இரண்டு பை இருந்தது. கனமான பையைத் தான் வைத்துக்கொண்டு, லேசான பையை மைக் அக்காவிடம் நீட்டினாள். லிஃப்ட் இன்னும் அந்த மாடியிலேயே நின்றுகொண்டிருந்தது.